எழுத்துவழி ஆட்டத்தில் ஆக்‌ஷன் ரோல்: ஒன்பது நாள் காட்சியை மூன்று பதிவில் முடிப்பது எப்படி?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் நான்கு பேருக்கு, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைக் கேம் மாஸ்டராக (கதையை நடத்துபவராக) நடத்துகிறீர்கள். அதில் பாத்திரத்தின் முயற்சி பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்ப்பதுதான் ஆக்‌ஷன் ரோல். எல்லாம் எழுத்துதான், குரல் கிடையாது. அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது பதிவு போடுகிறார்கள். வணிகர் ஒருவரின் கிடங்குக்குள் புகுந்து ஒரு கடிதத்தை எடுத்துவரும் காட்சி. நேரில் உட்கார்ந்து ஆடினால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும், உங்களுக்கு ஒன்பது நாள் இழுத்திருக்கிறது. பூட்டைத் திறப்பதற்கே மூன்று நாள். ஆட்டக்காரர்கள் சோர்ந்துவிட்டார்கள். பேசாமல் பகடையை விட்டுவிட்டு வெறும் கதையாக நடத்தலாமா என்கிறீர்கள்.

விட்டுவிடாதீர்கள். பகடையே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 1991இல் வந்த ஆம்பர் டைஸ்லெஸ் அப்படிப்பட்டதுதான். ஆனால் அது பகடை இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு முழு அமைப்பை யோசித்து வைத்த ஆட்டம். டி20 (இருபதுமுகப் பகடை) ஆட்டத்திலிருந்து பகடையை மட்டும் உருவி எடுத்தால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும், எல்லா முடிவும் உங்கள் தலையில் வந்து விழும். ஐந்து பேர் சேர்ந்து எழுதும் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஐந்து பேருக்குமே தெரியாமல் இருப்பது பகடையால்தான். அந்தச் சுவையை இழக்காமலே வேகத்தைக் கூட்டலாம்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஆட்டக்காரர் "பூட்டைத் திறக்கப் பார்க்கிறேன்" என்று எழுதுகிறார். நீங்கள் "சரி, ரோல் போடுங்கள்" என்கிறீர்கள். அவர் போடுகிறார், 14 விழுகிறது. நீங்கள் முடிவை எழுதுகிறீர்கள். மொத்தம் நான்கு செய்தி. எல்லோரும் ஒரே மேசையில் இருந்தால் இதற்கு இருபது வினாடி போதும். ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் ஆட்டத்தில் மூன்று நாள் போய்விடும். பகடை உருள ஒரு வினாடிகூட ஆவதில்லை. நேரத்தைத் தின்பது "போடலாமா, எதைப் போடட்டும், எவ்வளவு வேண்டும்" என்று போய்வரும் பேச்சு. ஆகவே எழுத்துவழி ஆட்டத்தில் ரோலைக் கையாள்வது என்றால், அந்தப் போக்குவரத்தைக் குறைப்பதுதான். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. தபாலில் ஆட்டம் ஆடியவர்கள் இதை அறுபது வருடங்களுக்கு முன்பே சந்தித்தார்கள். டிப்ளமசி என்ற பலகை ஆட்டம் 1963 முதல் கடிதவழி நடந்திருக்கிறது. 1970இல் ஃப்ளையிங் பஃபலோ நிறுவனம் தபால் ஆட்டத்தையே தொழிலாக எடுத்து நடத்தத் தொடங்கியது. ஒரு கடிதம் போய்ச் சேரப் பல நாள் ஆகும் காலத்தில் "இந்தப் படையை நகர்த்தலாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது. எனவே ஒரு முறைக்குத் தேவையான எல்லா ஆணைகளையும் ஒரே கடிதத்தில் எழுதினார்கள். "என் படை தோற்றுப் பின்வாங்க வேண்டி வந்தால் இந்த இடத்துக்குப் போகட்டும்" என்று நிபந்தனை ஆணையையும் சேர்த்தே அனுப்பினார்கள். நடுவர் திரும்பக் கேள்வி கேட்காமல் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு முழுமையாக எழுதுவது அந்த ஆட்டக்காரர்களின் திறமைகளில் ஒன்று. நம்முடைய ஆட்டத்துக்கும் அந்தப் பழக்கம்தான் தேவை.

சரி, முதல் வேலை ரோல்களைக் குறைப்பது. நேரில் ஆடும்போது எதற்கெடுத்தாலும் பகடை உருட்டுவது ஒரு சந்தோஷம், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. எழுத்தில் ஒவ்வொரு ரோலும் ஒரு நாளை விழுங்கக்கூடியது. நான் கடைப்பிடிப்பது ஒரு சின்னச் சோதனை: ரோல் கேட்பதற்கு முன் தோல்விப் பத்தியை மனதுக்குள் எழுதிப் பார்ப்பேன். "பூட்டு திறக்கவில்லை" என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அந்த இடத்தில் ரோல் தேவையில்லை. யாரும் வராத பாழடைந்த வீட்டில், கையில் கருவியோடும் போதிய நேரத்தோடும் ஒரு திருடி உட்கார்ந்திருந்தால் பூட்டு திறக்கத்தான் போகிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதற்கென்றே ஒரு விதி வைத்திருந்தது. அவசரமும் இல்லை, தோற்றால் பாதிப்பும் இல்லை என்றால் பகடையில் 20 விழுந்ததாக வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஐந்தாம் பதிப்பிலும் பகடை உருட்டாமலே 10 கூட்டல் திறன் எண் என்று வைத்துக்கொள்ளும் பாஸிவ் கணக்கு இருக்கிறது. நான்கு பேரின் பாஸிவ் எண்களையும் ஆட்டத் தொடக்கத்திலேயே வாங்கி ஒரு தாளில் குறித்து வையுங்கள். அறையில் நுழைந்ததும் "பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) போடுங்கள்" என்று கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. யார் கண்ணில் என்ன படுகிறது என்று நேரடியாகவே எழுதிவிடலாம்.

துப்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கலாம். கதை நகர அந்தத் துப்பு கட்டாயம் வேண்டும் என்றால் அதைப் பகடையின் பின்னால் ஒளிக்காதீர்கள். 2007இல் தொடங்கிய கம்ஷூ ஆட்டவகை இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. பொருத்தமான திறமை உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் துப்பு கிடைத்துவிடும். அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். மூன்று நாள் காத்திருந்து ரோல் போட்டு, 4 விழுந்து, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற ஒற்றை வரியைப் படிக்கும் ஆட்டக்காரரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். எழுத்துவழி ஆட்டங்கள் பாதியில் நின்றுபோவதற்கு அந்த ஒற்றை வரிப் பதில்கள்தான் முக்கியமான காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இரண்டாவது வேலை, பேச வேண்டிய எல்லாவற்றையும் பகடை உருளும் முன் ஒரே செய்தியில் பேசிவிடுவது. ஆக்‌ஷன் ரோல் என்ற சொல்லைப் பலருக்கு அறிமுகப்படுத்திய பிளேட்ஸ் இன் த டார்க் (2017) இதை அழகாகச் செய்கிறது. அதில் எந்தத் திறமையைப் பயன்படுத்துவது என்று ஆட்டக்காரர் சொல்வார். நிலைமை எவ்வளவு ஆபத்தானது, வென்றால் எவ்வளவு பலன் என்ற இரண்டையும் கேம் மாஸ்டர் சொல்வார். இவை எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் பகடை. நீங்கள் அந்த ஆட்டத்துக்கு மாறத் தேவையில்லை, இந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். உங்கள் கிடங்குக் காட்சியில் நான் இப்படி எழுதியிருப்பேன் (டிசி என்பது வெல்லக் குறைந்தது எட்ட வேண்டிய எண்):

"பின்கதவுப் பூட்டு பழையது, கனமானது. கருவியால் திறக்க டிசி 15. வென்றால் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறீர்கள், அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம். தோற்றாலும் பூட்டு திறக்கும். ஆனால் காவலாளி மூலையில் திரும்பும்போது நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்பீர்கள்."

இதில் திரும்பக் கேட்க ஒன்றுமில்லை. ஆட்டக்காரர் ரோல் போட்டு, முடிவைப் பார்த்து, அதே பதிவில் தன் பாத்திரத்தின் அடுத்த அசைவையும் எழுதிவிடலாம். வேண்டாம் என்று தோன்றினால், ரோல் போடும் முன்பே ஜன்னல் பக்கம் போகலாம்.

டிசியை வெளிப்படையாகச் சொன்னால் பதற்றம் குறையாதா என்று சிலர் கேட்பார்கள். என் அனுபவத்தில் கூடத்தான் செய்கிறது. 15 வேண்டும் என்று தெரிந்த பிறகு 14 விழுந்தால் வரும் "அடடா!" தெரியாமல் விழுந்த 14க்கு வராது. அதைவிட முக்கியம், எண்ணைச் சொல்லிவிட்டால் வென்றோமா தோற்றோமா என்று கேட்கும் ஒரு செய்தி மிச்சம். மறைக்க வேண்டிய எண்கள் சில உண்டு, அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இதற்கு அடுத்த படியும் இருக்கிறது. ஆட்டக்காரர்களுக்கு ஒரு பொது அனுமதி கொடுத்துவிடுங்கள்: ரோல் தேவைப்படும் என்று உங்களுக்கே தோன்றினால் நான் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், பதிவோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். தேவையில்லை என்றால் கேம் மாஸ்டர் அதை விட்டுவிட்டு வெற்றியாகவே எழுதிவிடலாம். தப்பான திறனுக்குப் போட்டிருந்தாலும் பிரச்சினையில்லை. பகடையில் விழுந்த எண் அப்படியே இருக்கட்டும், கூட்டும் எண்ணை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும். மறுபடி போடச் சொல்லாதீர்கள். நல்ல எண் விழுந்தவரிடம் மறுபடி போடச் சொன்னால் அடுத்த முறை அவர் முன்கூட்டியே போடவே மாட்டார்.

இனி எழுத்து. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, பலர் யோசிக்காமல் கடந்துபோவதும் இதைத்தான். ரோலுக்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா? உங்கள் திருடிப் பாத்திரத்துக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆட்டக்காரர் உற்சாகத்தில் இப்படி எழுதுகிறார்: "கயல் ஒரே திருப்பில் பூட்டைத் திறந்து நிழலைப் போல உள்ளே நழுவினாள்." அதற்குக் கீழே பகடை, 3. இப்போது எழுதியதும் நடந்ததும் முட்டிக்கொள்கின்றன. நேரில் பேசும்போது சொன்னது காற்றோடு போய்விடும். எழுத்தில் அந்த வரி அங்கேயே நிற்கும், படிக்கும்போதெல்லாம் உறுத்தும்.

இதற்கு நான் சொல்லும் வழி, விளிம்புவரை எழுதுவது. பாத்திரம் என்ன நினைக்கிறது, எப்படி முயல்கிறது, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஆட்டக்காரருக்குச் சொந்தம், தாராளமாக எழுதட்டும். முடிவுக்கு ஒரு கணம் முன்னால் நிறுத்தட்டும். "கயல் இரண்டாவது ஊசியை உள்ளே செலுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் ஏதோ அசைந்தது." இங்கே நிறுத்தினால் 3 விழுந்தாலும் 20 விழுந்தாலும் இந்த வரிகள் பொய்யாகாது. நல்ல எழுத்தாளர்கள் உள்ள குழுவில் இந்த விளிம்பில் நிற்பதே ஒரு கலையாக வளரும். படிக்கிற மற்றவர்களும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

முதலில் ரோல் போட்டுவிட்டு, விழுந்த எண்ணைப் பார்த்து முழுக் காட்சியையும் தானே எழுதுவது இன்னொரு வழி. வேகம் என்று பார்த்தால் இதுதான் முதலிடம். மேலே சொன்னது போல வெற்றி, தோல்வி இரண்டின் விளைவும் முன்பே பேசப்பட்டிருந்தால் இதைத் தயங்காமல் செய்யலாம். பேசப்படாத இடத்தில் மட்டும் ஒரு வரம்பு வையுங்கள். வெற்றியை ஆட்டக்காரர் எழுதட்டும், தோல்வியின் விலையை நீங்கள் எழுதுங்கள். தனக்குத் தானே தண்டனை எழுதச் சொன்னால் சிலர் மிகக் குறைவாகவும் சிலர் தேவைக்கு மேலேயும் எழுதுவார்கள். இரண்டுமே சங்கடம்தான்.

தோல்வியை எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். தோல்வி வேறு, திறமையின்மை வேறு. "கயலின் கை நடுங்கி ஊசி கீழே விழுந்தது" என்று எழுதினால் அந்த ஊரிலேயே சிறந்த திருடி என்று மூன்று மாதமாக வளர்த்த பாத்திரம் ஒரு வரியில் கோமாளி ஆகிவிடுகிறாள். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "பூட்டு வழிவிட்டது. ஆனால் கதவின் கீல் எண்ணெயைப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும். அது போட்ட சத்தத்தில் தெருமுனையில் ஒரு விளக்கு அசைந்தது." எண் அதே 3தான். கயல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தாள், உலகம்தான் ஒத்துழைக்கவில்லை. இந்த வரியைப் படித்த ஆட்டக்காரர் உடனே பதில் எழுத உட்காருவார், ஏனென்றால் அந்த விளக்கு இப்போது அவளை நோக்கி வருகிறது.

ஒரு முயற்சிக்கு ஒரு ரோல் என்பதிலும் உறுதியாக இருங்கள். சுவர் ஏற ஒன்று, மறுபக்கம் இறங்க ஒன்று, முற்றத்தைக் கடக்க ஒன்று என்று கேட்டால் காலம் மட்டும் வீணாவதில்லை, கணக்கும் ஆட்டக்காரருக்கு எதிராகத் திரும்புகிறது. ஒவ்வொன்றிலும் வெல்ல 70 சதவீத வாய்ப்பு இருந்தாலும் மூன்றையும் வெல்லும் வாய்ப்பு 34 சதவீதம்தான். திறமைசாலி என்று தாளில் எழுதியிருக்கும், ஆட்டத்தில் மூன்றில் இரண்டு முறை மாட்டிக்கொள்வார். 2002இல் வந்த பர்னிங் வீல் ஆட்டத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு. நோக்கத்துக்கு ஒரு முறை ரோல் போட்டால் சூழ்நிலை உண்மையிலேயே மாறும்வரை அந்த முடிவுதான் நிற்கும். மறுபடி போடச் சொல்லி கேம் மாஸ்டரும் கேட்கக் கூடாது, மறுபடி போட அனுமதி கேட்டு ஆட்டக்காரரும் நிற்கக் கூடாது. எழுத்துவழி ஆட்டத்துக்காகவே செய்துவைத்த விதி மாதிரி இருக்கும்.

குழுவாகப் பதுங்கிப் போகும் இடத்தில் இது இன்னும் முக்கியம். நான்கு பேரும் தனித்தனியாக 70 சதவீத வாய்ப்போடு போட்டு, ஒருவர் தவறினாலும் எல்லோரும் மாட்டுவார்கள் என்று வைத்தால் தப்பிக்கும் வாய்ப்பு வெறும் 24 சதவீதம். ஐந்தாம் பதிப்பின் குழுச் சோதனை விதிப்படி, பாதிப் பேர் வென்றாலே குழு வென்றதாகிவிடும். அதே நான்கு பேருக்கு அப்போது வாய்ப்பு ஏறத்தாழ 92 சதவீதம். விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, பலர் மறந்துவிடுகிறார்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க இன்னொரு வழி, நால்வருக்கும் சேர்த்து ஒருவரை மட்டும் போடச் சொல்வது. யார் வழிநடத்துகிறாரோ அவர் போடட்டும், மற்றவர்கள் உதவுவதாக வைத்து அவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்கும் சலுகை) கொடுங்கள். நான்கு பேரின் பகடைக்காகக் காத்திருக்கும் இரண்டு நாள் அங்கே மிச்சமாகும்.

வெற்றி, தோல்வி என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வைப்பது எழுத்துக்குப் பெரிய உதவி. 2010இல் வந்த அபொகலிப்ஸ் வேர்ல்ட் இதைப் பரவலாக்கியது. இரண்டு ஆறுமுகப் பகடை, கூடத் திறன் எண். 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் நடக்கும் ஆனால் ஏதாவது விலை உண்டு, 6 அல்லது அதற்குக் கீழே என்றால் கேம் மாஸ்டர் கையில். திறன் எண் +1 இருப்பவருக்கு நடுப்படி விழும் வாய்ப்பு 44 சதவீதம். கிட்டத்தட்ட பாதி ரோல்கள் "ஆமாம், ஆனால்" என்று முடிகின்றன. பிளேட்ஸிலும் அப்படித்தான். உருட்டிய பகடைகளில் பெரிய எண்ணை மட்டும் பார்ப்பார்கள், 6 முழு வெற்றி, 4, 5 விலையுள்ள வெற்றி. அந்த "ஆனால்" ஒவ்வொன்றும் அடுத்த பதிவுக்கு ஒரு பிடிமானம். வெறும் வெற்றிக்குப் பின்னும் வெறும் தோல்விக்குப் பின்னும் எழுத ஒன்றும் இல்லாமல் கை கட்டி நிற்கும் நிலை வரலாம், இதற்குப் பின் வராது.

டி20இலும் இதைக் கொண்டுவரலாம். ஐந்தாம் பதிப்பின் கேம் மாஸ்டர் கையேட்டிலேயே 1 அல்லது 2 குறைவாகத் தோற்றால் விலை கொடுத்து வெல்லலாம் என்று ஒரு விருப்ப விதி இருக்கிறது. எழுத்துவழி ஆட்டத்தில் நான் அதை 4 வரை நீட்டுவேன். டிசி 15 என்றால் 11 முதல் 14 வரை நடுப்படி. ஒரு எச்சரிக்கை மட்டும். அபொகலிப்ஸ் வேர்ல்ட் வழிவந்த ஆட்டங்களில் "மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடு" என்ற மாதிரி முடிவுகள் நிறைய வரும். அப்படியே வைத்தால் தேர்வுக்காக இன்னொரு நாள் போகும். "நடுவில் விழுந்தால் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, கருவி உடையக் கூடாது" என்று ரோல் போடும் பதிவிலேயே விருப்பத்தை எழுதிவிடச் சொல்லுங்கள். தபாலில் ஆடியவர்களின் நிபந்தனை ஆணை என்று மேலே சொன்னேனே, அதுதான் இது.

அப்புறம் சண்டை. எழுத்துவழி ஆட்டங்கள் அதிகம் சாவது இங்கேதான். இனிஷியேட்டிவ் (யாருக்குப் பின் யார் என்ற) வரிசைப்படி ஒவ்வொருவராக எழுதினால், வரிசையில் முதலில் இருப்பவர் இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால் மற்ற மூவரும் கை கட்டி உட்கார வேண்டும். வரிசையை இரண்டே கட்டங்களாக்குங்கள்: எதிரிகள் ஒரு கட்டம், ஆட்டக்காரர்கள் ஒரு கட்டம். ஆட்டக்காரர்கள் கட்டத்தில் யார் முதலில் எழுதுகிறாரோ அவர் முதலில் செய்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தாக்கும் ரோலையும் சேத ரோலையும் ஒரே பதிவில் போடச் சொல்லுங்கள். தாக்குதல் படவில்லை என்றால் சேதத்தைப் பார்க்காமல் விட்டால் போயிற்று. எதிரியின் ஏசியை (அடி படத் தாக்குதல் எட்ட வேண்டிய எண்ணை) சொல்லிவிடுங்கள், எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்பதைத் தோராயமாகவாவது சொல்லுங்கள். "இவன் விழுந்துவிட்டால் அடுத்த அடி பக்கத்தில் இருப்பவனுக்கு" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் ஒரு சுற்று ஒரு நாளில் முடியும். எதிரிக் கூட்டத்தின் மேல் நெருப்புக்கோளம் வீசும்போது அவர்களின் சேவிங் த்ரோவைக்கூட (பாதிப்பிலிருந்து தப்பப் போடும் ரோல்) அந்த ஆட்டக்காரரையே போடச் சொல்லலாம். எல்லாச் சேவும் நீங்கள்தான் போட வேண்டும் என்று எங்கும் கட்டாயமில்லை.

ரியாக்‌ஷன்கள்தான், அதாவது மற்றவர் செயலுக்கு அந்தக் கணமே காட்டும் எதிர்வினைகள்தான், கடினம். ஷீல்ட் மந்திரம் அடி பட்டதும் அந்தக் கணத்தில் சொல்ல வேண்டியது. நேரில் "ஷீல்ட்!" என்று கத்தினால் போதும். எழுத்தில் ஒவ்வொரு அடிக்கும் நிறுத்தி "ஷீல்ட் போடுகிறீர்களா?" என்று கேட்டால் சண்டை முடிய மாசம் ஆகும். இதற்கும் நிலையான ஆணைதான் வழி. ஆட்டக்காரர் தன் பாத்திரத் தாளிலேயே இப்படி எழுதி வைக்கட்டும்: "தாக்குதல் எண் என் ஏசிக்குச் சமமாகவோ, அதைவிட 4 வரை மட்டுமே கூடுதலாகவோ வந்தால் ஷீல்ட் போடுகிறேன், கடைசி ஒரு ஸ்லாட்டை (மந்திரம் போடும் வாய்ப்பை) மட்டும் மிச்சம் வையுங்கள்." ஷீல்ட் ஏசியை 5 கூட்டுவதால் அந்த எல்லைக்குள் வரும் அடி எல்லாம் தடுக்கப்படும், அதற்கு மேல் போனால் ஸ்லாட் வீணாகாது. எதிரியின் மந்திரத்தைத் தடுக்கும் கவுன்டர்ஸ்பெல், விலகி ஓடுபவனை அடிக்கும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வரி போதும். இதை எழுதச் சொன்னால் முதலில் அலுத்துக்கொள்வார்கள். முதல் சண்டையில் அதன் பலனைப் பார்த்த பிறகு அவர்களே நுணுக்கமாகத் திருத்திக்கொள்வார்கள்.

ஒரு காலக்கெடுவும் வேண்டும். 24 மணி நேரமோ 48 மணி நேரமோ, உங்கள் குழுவுக்கு ஒத்துவருவதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அதற்குள் எழுதாதவரின் பாத்திரம் அவர் முன்பே சொல்லி வைத்த வழக்கமான செயலைச் செய்யும். இதைத் தண்டனை மாதிரி நடத்தாதீர்கள். வாழ்க்கையில் வேலை வரும், உடம்பு சரியில்லாமல் போகும். அவர் திரும்பி வரும்போது பாத்திரம் உயிரோடும் மரியாதையோடும் இருக்க வேண்டும்.

இருவரும் எதிரெதிராகப் போடும் ரோல்களை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். காவலாளியின் பெர்செப்ஷனுக்குப் பதிலாக அவனுடைய பாஸிவ் எண்ணை டிசியாக வைத்தால் ஆட்டக்காரர் மட்டும் போட்டால் போதும். அபொகலிப்ஸ் வேர்ல்டிலும் பிளேட்ஸிலும் எதிரியின் தாக்குதலுக்கென்று கேம் மாஸ்டர் பகடை உருட்டுவதே இல்லை, ஆட்டக்காரரின் தோல்விதான் எதிரியின் அடி. 2018இல் வந்த அயர்ன்ஸ்வார்ன் இன்னும் ஒரு படி மேலே போய் கேம் மாஸ்டரே இல்லாமலும் ஆட முடிகிற அளவுக்குச் செய்திருக்கிறது. அதன் ஆக்‌ஷன் ரோலில் ஒரு ஆறுமுகப் பகடையோடு திறன் எண்ணைக் கூட்டி, இரண்டு பத்துமுகப் பகடைகளோடு ஒப்பிடுவார்கள். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் தாண்டினால் விலையுள்ள வெற்றி, இரண்டையும் தாண்டாவிட்டால் தோல்வி. கஷ்டம் எவ்வளவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அது பகடையிலேயே இருக்கிறது. உங்கள் அடுத்த ஆட்டத்துக்கு இதை யோசித்துப் பாருங்கள்.

மறைவாக இருக்க வேண்டிய ரோல்கள் என்று சொன்னேன். ஒருவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கும் ரோலில் 2 விழுந்ததை ஆட்டக்காரரே பார்த்துவிட்டால், நீங்கள் எழுதும் பதிலை அவர் நம்ப மாட்டார், நம்புவது போல நடிக்கத்தான் முடியும். ஒவ்வொருவரும் தொடக்கத்தில் பாட் (பகடை உருட்டும் தானியங்கி நிரல்) மூலம் பத்து டி20 போட்டு உங்களிடம் கொடுத்துவிடட்டும். மறைவு ரோல் வரும்போது எந்த எண்ணிலிருந்து தொடங்குவது என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்து, அங்கிருந்து வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். பகடையை உருட்டியது அவர்தான், எது எப்போது பயன்பட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. நீங்களே ரகசியமாகப் போடுவதைவிட இதில் ஆட்டக்காரர்களுக்கு நிறைவு அதிகம்.

பகடை நம்பிக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவ்ரே மாதிரி ஒரு பாட் வைத்துக்கொண்டால் எண் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், பாத்திரத் தாளிலிருந்து திறன் எண்ணையும் அதுவே கூட்டிவிடும். ரோல் கட்டளையிலேயே எதற்காகப் போடுகிறோம் என்று இரண்டு வார்த்தை எழுதுவதைப் பழக்கமாக்குங்கள். பெயரில்லாமல் மூன்று ரோல் கிடந்தால் எது எதற்கு என்று கேட்டு இன்னொரு நாள் போகும். கதைக்கு ஒரு சேனல், ரோலுக்கு ஒரு சேனல் என்று பிரித்துவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கதையைப் படிக்கும்போது எண்கள் குறுக்கே வராது.

இனி உங்கள் கிடங்கை இந்த முறையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம். முதல் பதிவு உங்களுடையது: கிடங்கின் தோற்றம், காவலாளி சுற்றிவரும் இடைவெளி, நான் மேலே எழுதிய பூட்டு நிபந்தனை, கூடவே "உள்ளே கடிதம் இருக்கும் மேசையைத் தேட ரோல் தேவையில்லை, நேரம் மட்டும்தான் தேவை" என்ற வரி. இரண்டாவது கயலுடையது: விளிம்புவரை எழுதி, பகடை போட்டு, 12 விழுந்து, நடுப்படிக்கு முன்பே சொன்ன விருப்பப்படி கருவி தப்பிக்கிறது, கீல் சத்தம் போடுகிறது. அதற்கு அடியிலேயே மற்ற மூவரும் தங்கள் நிலையான ஆணைகளைச் சேர்க்கிறார்கள்: "சத்தம் கேட்டால் நான் காவலாளியிடம் வழி கேட்டு நிறுத்துவேன்" என்று ஒருவர், அதற்கான பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும்) ரோலையும் சேர்த்தே போட்டுவிடுகிறார். மூன்றாவது பதிவில் நீங்கள் காவலாளியின் பதிலையும், கயலின் கையில் கடிதம் சேர்வதையும், அதன் முத்திரை ஏற்கெனவே உடைந்திருப்பதையும் எழுதுகிறீர்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நாள், மெதுவாகப் போனால் மூன்று.

ஏற்கெனவே ஓடிய ஒன்பது நாள் காட்சியைத் திருத்தப் போகாதீர்கள். இன்று அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அங்கிருந்தே தொடங்குங்கள். இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே நாளில் அவர்கள் தலையில் இறக்கவும் வேண்டாம். முதல் வாரம் இரண்டு மட்டும் போதும்: நீங்கள் டிசியையும் விளைவையும் முன்கூட்டிச் சொல்லுங்கள், அவர்கள் ரோலைப் பதிவோடு சேர்த்துப் போடட்டும். நிலையான ஆணைகளை அடுத்த சண்டை வருவதற்கு முன் ஒரு மாலையில் உட்கார்ந்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.